வாரார்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்க மாட்டார். ஒற்று எங்கே விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வேலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம் அல்லவா? அதுதான் கிடையாது. கடைப் பலகை, மருந்து டப்பா, பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் எவனோ கிறுக்கிய காதல், எதையும் சும்மா விட்டதில்லை. ஒருமுறை கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லின் முன்னால் தலைகுனிந்து நின்றார். செபம் பண்ணுகிறார் என்று நானும் கூட நின்று கண்ணை மூடினேன். "ளகரம் தப்பா வெட்டியிருக்கான்" என்றார்.

இதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் நான் குறையாகச் சொல்வேனே தவிர, உள்ளுக்குள் பெருமைதான். படித்த புருஷன். ஊரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வருகிற புருஷன். அந்தப் பெருமைதான் அன்றைக்கு என் வாயைத் திறக்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை எங்கள் சபையில் வருகைக்காலம் என்போம். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவத்தி கூடிக்கொண்டே போகும். அப்போது பாடுகிற பாட்டெல்லாம் ஒன்று 'வாரும்' என்று கூப்பிடும், இல்லாவிட்டால் 'வருகிறார்' என்று சொல்லும். எல்லாம் பழைய தமிழ். பாதிப் பேர் அர்த்தம் தெரியாமலே கண்ணீர் விட்டுப் பாடுகிறார்கள் என்று போதகர் வருத்தப்பட்டு, ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுக்கு முன்னால் அதன் பொருளைச் சொல்லும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். பூனையைப் பால் பானைக்குக் காவல் வைத்த கதைதான். கொஞ்ச நேரம் பேசச் சொன்னால் பிரசங்கத்தின் நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுவார். ஆனால் கேட்க நன்றாக இருக்கும். நடுநடுவே ஒரு தமாஷ் வைப்பார். ஜனங்கள் அதற்காகவே தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள். மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யார் யாருக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். கூடப்பிறந்தவளுடைய முகத்தில் இருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

என் தங்கை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். அவள் புருஷனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. கடலில் இருக்கிறவனுக்கு வீடு என்பது லீவு நாள்தான். போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறார் என்பது சபைக்கே தெரியும். ஏனென்றால் அம்மா ஒருவரையும் விட்டுவைக்காமல் சொல்லியிருந்தாள். அம்மா தங்கையோடுதான் இருக்கிறாள். என் வீட்டில் இருந்தால் பேசுகிற பேச்சையெல்லாம் மாப்பிள்ளை திருத்துகிறார் என்று ஓடிப்போனவள்.

தங்கை பாட்டுக் கட்டுவாள் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த வருகைக்காலம் தொடங்கிய சமயம் அவள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னவோ முணுமுணுத்தாள். நான் விடவில்லை. திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டேன்.

"வெள்ளை விரித்து வை, நெஞ்சே – அவர்
வாரார், வாரார், வாரார்!
விளக்கைத் தணிக்காதே, நெஞ்சே – அவர்
வாரார், வாரார், வாரார்!"

சின்ன மெட்டு. ஆனால் அந்த 'வாரார்' வரும் இடத்தில் யாரோ நம்மை நோக்கி எட்டு வைத்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. இரண்டாவது சரணம் 'அலைமேல் நடந்தவர், நெஞ்சே' என்று தொடங்கும். நான்தான் போதகரிடம் போய்ச் சொன்னேன். மூன்றாம் ஞாயிறு இதைப் பாடலாம் என்று முடிவாயிற்று. தங்கை வேண்டாம் வேண்டாம் என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். முன்கூட்டியே காட்டினால் திருத்திப் பாழாக்கிவிடுவார் என்று பயந்து வீட்டுக்காரரிடம் தாளைக் காட்டவில்லை. என் கெட்டிக்காரத்தனம் அப்படி.

மூன்றாம் ஞாயிறு அவர் எழுந்து போய் மேடை ஓரத்தில் நின்றார். தாளைக் கையில் வாங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புருவம் மேலே போயிற்று. சட்டைப் பையில் பேனாவைத் தொட்டது கை.

"இன்னைக்குப் பாட்டு நம்ம வீட்டுப் பாட்டு" என்று தொடங்கினார். "என் கொழுந்தியா எழுதியிருக்கா. ரொம்ப சந்தோஷம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன இலக்கணம். பேசும்போது நாம 'வர்றார்'ங்கிறோம். பாட்டுல இழுக்கணும்னா 'வாரார்' ஆயிடுது. வாய்க்குச் சரி. ஆனா பழைய தமிழ்ல இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? உண்ணார்னா உண்ண மாட்டார். பேசார்னா பேச மாட்டார். அப்போ வாரார்னா?"

கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார், பள்ளிக்கூட வாத்தியார் போல.

"வர மாட்டார்!" என்று சபை மொத்தமும் சொன்னது.

"அதேதான். விளக்கேத்தி, வெள்ளை விரிச்சு, நம்மளையெல்லாம் உட்கார வெச்சுட்டு, இந்தப் பொண்ணு மூணு தரம் சொல்லுது. அவர் வர மாட்டார், வர மாட்டார், வர மாட்டார்! அப்புறம் எதுக்கும்மா மெழுகுவத்தியை வீணாக்குறீங்க?"

முதலில் சிரித்தது நான். கீபோர்டுக்குப் பக்கத்தில் மைக் இருந்தது. என் சிரிப்பு நாலு மூலையிலிருந்தும் கேட்டது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். சொந்த அக்காவே சிரிக்கும்போது நமக்கென்ன என்று நினைத்திருப்பார்கள்.

பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்றிருந்த தங்கை சிரிக்கவில்லை, அழவுமில்லை. கையிலிருந்த தாளை நீளவாக்கில் பாதியாக மடித்தாள். மறுபடி பாதியாக. ஓரங்கள் சரியாகப் பொருந்துகிறதா என்று விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். போதகர் என்னைப் பார்த்தார். நான் எல்லாருக்கும் தெரிந்த வேறொரு பாட்டை வாசித்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது, "பாவம், அவ முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றேன்.

"நான் என்ன திட்டினேனா? இலக்கணம் சொன்னேன்."

"நாலு பேர் முன்னாடி சொல்லணுமா?"

"நீதானே முதல்ல சிரிச்சே?"

நான் குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். இருந்தாலும் அப்போதுகூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை சின்ன வயதிலிருந்தே தொட்டாற்சுருங்கி. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பிறகு அவளே வருவாள் என்று இருந்தேன். அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பாட்டுப் பயிற்சிக்கும் வரவில்லை. அம்மாதான் கூப்பிட்டாள்.

"என்னடி பண்ணீங்க அவளை? கேட்டா தலைவலிங்கிறா. மாப்பிள்ளையோட சட்டையெல்லாம் எடுத்து வெயில்ல போட்டேன். அதைப் பார்த்துட்டு 'எதுக்கும்மா இதெல்லாம்'னு கத்துறா. கப்பல்ல இருந்து வர்ற மனுஷன் பூச்சி உருண்டை நாத்தத்தோட சட்டை போடணுமா?"

மறுநாள் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். மனதுக்குள் ஒரு மன்னிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல மன்னிப்பு. அதில் என்மேல் இருந்த குற்றம் கொஞ்சமாகவும் என் புருஷன் மேல் இருந்தது அதிகமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பின்புறம், சரிவுப் பாதையில் இறங்கினால் அந்தக் கூடம். உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் வயிற்றுக்குள் துணியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தன. சக்கரம் வைத்த கூண்டுகளில் வெள்ளை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. தங்கை நீளமான மேசைக்குப் பக்கத்தில் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எதிர்முனையைப் பிடிக்க வேண்டிய பெண் அன்றைக்கு லீவாம்.

என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

பிடித்தேன். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேரும் முனைகளைப் பிடித்து, தள்ளி நின்று, உதறி இழுக்க வேண்டும். நீளவாக்கில் மடித்துக்கொண்டு, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கைக்குக் கை சேர்க்க வேண்டும். அவள் முனை என் கைக்கு வரும். அவள் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போவாள். மறுபடி நடந்து வருவாள். இரண்டாவது விரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நடைதான் மெட்டு. வாரார், வாரார், வாரார் என்று வரும்போது இரண்டு கைகளும் சேர்ந்துவிடும்.

தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். "இந்தா பாரு, அத்தானைப் பத்தி உனக்குத் தெரியாதா? அவர் வாய்…"

அவள் என் முன்னால் வந்து நின்றாள். விரிப்பின் முனையை என் கையில் கொடுத்தாள், ஆனால் விடவில்லை.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"அத்தான்கிட்ட அவர் பேசினாரா? சகலைங்கிற உரிமையில சொல்லிட்டாராக்கும். என்கிட்ட சொன்னதுக்கு முன்னாடியே சொன்னாரா, அப்புறமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் நான் விழித்த விழிப்பை அவள் பார்த்தாள். அவள் கை தளர்ந்தது.

"அய்யோ" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அந்த அமைதியில்தான் சொன்னாள். வருகைக்காலத்தின் முதல் மெழுகுவத்தி ஏற்றிய வாரம் அவர் போனில் கூப்பிட்டாராம். இனி வர மாட்டேன் என்றாராம். வேறொரு துறைமுகத்தில் வேறொரு வீடு இருக்கிறதாம். அது புதிதும் இல்லையாம். என்னை எதிர்பார்க்காதே, அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றாராம்.

"பக்குவமாச் சொல்லணுமாம்" என்றாள் தங்கை. "பாட்டு அதுக்கு முன்னாடி எழுதினதுக்கா. கர்த்தரைப் பத்தித்தான் எழுதினேன், சத்தியமா. ரெண்டாவது சரணத்துல அலைன்னு ஒரு வார்த்தை போட்டேன். அதுல இவர் ஏறி வந்துட்டார். அப்புறம் யாரை நினைச்சுப் பாடறேன்னு எனக்கே தெரியல. நீ அதைக் கோயில்ல பாடணும்னு நின்னே. வேண்டாம்னு எத்தனை தரம் சொன்னேன்."

சொன்னாள்தான். நான் கூச்சம் என்று நினைத்தேன்.

"அத்தான் எழுந்து நின்னு வர மாட்டார்னு சொன்னதும், விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். சபையே சேர்ந்து சொல்லிச்சேக்கா. பாஸ்டர்கூடச் சொன்னார். நீ மைக்ல சிரிச்சே."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்கள். பாய்ச்சியவனுக்காவது அங்கே புண் இருப்பது தெரிந்திருக்கும். எங்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. என் கூடப்பிறந்தவள், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், இத்தனை நாளும் என் எதிரிலேயே நின்று பாடியிருக்கிறாள். நான் மெட்டு நன்றாக இருக்கிறது என்று கைதட்டியிருக்கிறேன். என் நல்ல மன்னிப்பு என் வாயிலேயே கசந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பூமி பிளக்கவில்லை. அடுத்த விரிப்பை எடுத்தாள். நானும் முனையைப் பிடித்தேன்.

இன்னும் நாலைந்து விரிப்பு மடித்தோம். அழுதது நான்தான். "விரிப்புல துடைக்காதே, துவைச்சது" என்றாள்.

"அம்மாகிட்ட எப்பச் சொல்லப்போறே?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும். அதுவரைக்கும் அந்தச் சட்டைங்க வெயில்ல காயட்டும்." பிறகு சொன்னாள், "ஞாயித்துக்கிழமை அந்தப் பாட்டைப் பாடணும்க்கா."

"என்னடி சொல்றே?"

"பாடலேன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. அதுவுமில்லாம, கர்த்தர் வர்றார்ங்கிறது அப்படியேதானே இருக்கு. இந்த மனுஷன் வராததுக்குக் கர்த்தர் என்ன பண்ணுவார்?"

வாசல்வரைக்கும் வந்தவள் என் தோளைத் தொட்டாள். "அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடு. இல்லேன்னா மறுபடியும் திருத்துவார்."

சாயந்தரம் அவர் அச்சகத்திலிருந்து வந்து டீயைக் கையில் எடுத்ததும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவருக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. என் பங்கு வலியைப் பாதியாக்கிக்கொள்ளலாம் என்ற அற்ப ஆசை. அது பாதியாகவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தார். மைக்கறை படிந்த விரல்கள்.

"நான் கேள்வி கேட்டேன்" என்றார். "காதுல கையை வெச்சுக்கிட்டு நின்னேன். அவங்களைச் சொல்ல வெச்சேன்."

"தெரியாமத்தானே?"

"தெரிஞ்சவன்னுதானே எழுந்து நின்னேன்?" என்றார்.

என் இருபத்தைந்து வயதிலிருந்து நான் பார்க்கிற மனிதர். ஒரு சொல்லுக்கு நான்கு அர்த்தம் சொல்வார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு முடியும்வரை நான்கு சொல்கூடப் பேசவில்லை.

நான்காம் ஞாயிறு தங்கை வந்தாள். வெள்ளைச் சேலை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு பின்வரிசைக்காரியிடம் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கீபோர்டில் உட்கார்ந்து, முதல் வேலையாக மைக்கைத் தள்ளி வைத்தேன்.

போதகர் வழக்கம்போல என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுந்து போனார். கையில் தாள் இல்லை. ஜனங்கள் சிரிப்பதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"போன வாரம்…" என்றார். சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். "போன வாரம் நான் சொன்னது தப்பு. அதாவது, இலக்கணம் தப்பில்லை. எதிர்மறை வினைமுற்றுங்கிறது என்னன்னா, சொல்லு ஒண்ணாவே இருந்தாலும் இடத்தைப் பொறுத்து…"

பாவி மனிதர், மன்னிப்புக் கேட்கக்கூட இலக்கணத்தைத்தான் தேடினார். அவர் குரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு வாக்கியம் விட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். முதல் ஸ்வரத்தை ஓங்கி அழுத்தினேன். சபை எழுந்து நின்றது. அவர் அங்கேயே, மேடை ஓரத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

தங்கை பாடினாள். குரல் உடையவில்லை. வெள்ளை விரித்து வை, நெஞ்சே. சபை இரண்டாவது தடவையிலேயே மெட்டைப் பிடித்துக்கொண்டது. வாரார், வாரார், வாரார் என்று அத்தனை பேரும் சந்தோஷமாகப் பாடினார்கள். ஒரு குழந்தை தாளத்துக்குப் பெஞ்சைத் தட்டியது. எனக்கு அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் இரண்டாகக் கேட்டது. ஒருவர் வருகிறார், ஒருவர் வர மாட்டார். அவள் இரண்டையும் ஒரே மூச்சில் பாடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இந்தப் பாட்டுகளை வாசித்திருக்கிறேன். காத்திருப்பதைப் பற்றிய பாட்டு என்று தெரியும். காத்திருக்கிறவர்களைப் பற்றி யோசித்ததில்லை. அலைமேல் நடந்தவர் என்று வந்தபோது என் விரல் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தியது. யாரும் கவனிக்கவில்லை. தங்கை கவனித்தாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் கை கொடுத்துக்கொண்டு நின்றோம். போதகரின் மனைவி நல்ல பெண்மணி, கள்ளம் கபடம் தெரியாது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அருமையான பாட்டும்மா! வாயிலேயே நிக்குது. சரி, உன் கப்பல்காரர் என்ன ஆனார்? கிறிஸ்துமஸுக்கு வாராரா, இல்லையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு ஆவலாக மகளைப் பார்த்தாள். பொய் சொல்ல வராது என்றாளே.

தங்கை போதகரின் மனைவியைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவரை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வாரார்" என்றாள்.

வாராரு என்று இழுக்கவில்லை. அச்சில் இருப்பதைப் போல, கடைசி ஒற்றோடு நிறுத்திச் சொன்னாள்.

என் வீட்டுக்காரரின் முகத்தில் இரத்தமே இல்லை. தலை குனிந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா, வாராராம்!" என்று அம்மா வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பிறகு மூத்த மருமகனின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குப் பெரிசா அர்த்தம் சொன்னீங்களே மாப்பிள்ளை, இப்ப என்ன சொல்றீங்க? நீங்கதான் வண்டி எடுத்துட்டுப் போய் அவரைக் கூட்டிட்டு வரணும்."

அவர் குனிந்த தலை நிமிராமல், "சரி அத்தை" என்றார்.